குப்புறக் கிடந்த வாரத்தின் சிபாரிசுகள்

ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில் எனக்கு ஐந்து கட்டங்கள் உண்டு. ஒரு படம், ஒரு தொடர், ஒரு புத்தகம், ஒரு விளையாட்டு, ஒரு பாட்டு. அந்த வாரம் நான் பார்த்து, படித்து, ஆடி, கேட்டவற்றிலிருந்து ஒவ்வொன்று. கட்டத்துக்குச் சில வரிகள்தான் இடம். செய்தி மேசையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஒரு வேலை என்னிடம் தங்கிவிட்டது. எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். முழுதாகப் பார்க்காத எதையும் சிபாரிசு செய்வதில்லை. பாதியில் எழுந்து வந்த படத்தைப் பற்றி நல்லதாகவும் எழுதியதில்லை, கெட்டதாகவும் எழுதியதில்லை.

இந்த ஆண்டு சில வாரங்கள் கட்டங்கள் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வந்தது. வாசகர்கள் யாரும் விசாரித்ததாகத் தகவல் இல்லை. விடுபட்டவற்றில் முதல் வாரத்தின் ஐந்தையும் இங்கே எழுதுகிறேன். முடிவை முதல் வரியிலேயே சொல்வது பத்திரிகைப் பழக்கம். இங்கே சொல்லவில்லை. அந்த வாரம் எனக்கும் முடிவு தெரியாது.

என் வலது கண்ணின் விழித்திரையில், சரியாக நடுவில், ஓர் ஓட்டை விழுந்திருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. ஒரு நாள் காலை பேப்பரைப் பிரித்தால் தலைப்புச் செய்தியின் நடுவில் இரண்டு எழுத்துகளைக் காணோம். பார்வையைச் சற்று நகர்த்தினால் அவை வந்தன, பக்கத்து எழுத்துகள் போயின. அச்சுக் கோளாறு என்று நினைத்து, அலுவலகத்தைக் கூப்பிட்டுத் திட்டுவதற்குப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது என் மனைவி காபியுடன் வந்தாள். அவள் முகத்தில் மூக்கு இல்லை. போனைக் கீழே வைத்தேன்.

இடது கண் எனக்குச் சிறு வயதிலிருந்தே சோம்பேறி. ஆள் நிற்பது தெரியும், நிறம் தெரியும், எழுத்து தெரியாது. இத்தனை வருடம் படித்ததும் திருத்தியதும் வலது கண்தான்.

தென்னூரில் கண் டாக்டர் தாளில் படம் போட்டு விளக்கினார். அறுவை சிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயுவை நிரப்புவார்கள். வாயுக் குமிழ் எப்போதும் மேலே மிதக்கும். ஓட்டையோ கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. குமிழ் அதைப் போய் அழுத்த வேண்டுமானால் பின்சுவர் மேலே இருக்க வேண்டும். அதாவது, முகம் தரையைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால், நடந்தால், சாப்பிட்டால், தூங்கினால், எல்லாம் தரையைப் பார்த்தபடி.

"எத்தனை நாள் டாக்டர்?"

"முதல்ல ஒரு வாரம் இருங்க. அப்புறம் பாப்போம்."

"மூடிடுமா?"

"பெரும்பாலும் மூடிடும்ங்க. ஆனா நீங்க குப்புற இருக்கறதுலதான் இருக்கு. நான் பண்றது பாதி, நீங்க பண்றது பாதி."

"மூடலேன்னா?"

அவர் பேனாவை மூடினார். "நடமாடலாம். டிவி ஓரளவுக்குத் தெரியும். படிக்க முடியாதுங்க."

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில், முதல் மாடி. மனைவி பள்ளி ஆசிரியை. அது பரீட்சை நேரம், விடுப்பு கிடையாது. பகலில் என் கழுத்தைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அண்ணன் ஏற்பாடானார். கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் வெல்டிங் பரிசோதகராக இருந்தவர். ஒட்டு சரியில்லை என்றால் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடமாட்டார் என்று பெயர். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்களுக்கு அடுத்த தெருவுக்கு வந்துவிட்டார். தினமும் பெருமாளைச் சேவிப்பதற்கென்றே ஓய்வு பெற்றதாகச் சொல்வார். என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார், மரியாதையாக, மேலதிகாரி தொனியில்.

அறுவை சிகிச்சை முடிந்து வந்த அன்றே அவர் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக் கடையில் காற்றடைத்த ரப்பர் வளையம் ஒன்று வாங்கி வந்தார். மூலம் வந்தவர்கள் உட்காருவதற்கானது. கட்டிலின் தலைமாட்டுக்கு அப்பால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் நடுப்பலகையை அறுத்தெடுத்து, வளையத்தை மேலே பொருத்தினார். முகத்தை அதில் பதித்தால் மூக்குக்கு நேர் கீழே மொசைக் தரை.

"கடைக்காரன் எத்தனை நாளா ரத்தம் போறதுன்னு கேட்டான். நமக்கில்லப்பா, மாப்பிள்ளைக்குன்னுட்டேன். இன்னும் துக்கமா பாத்தான்" என்றார்.

என் மனைவி கிளம்பும்போது ஒரே உத்தரவுதான் போட்டாள். "அண்ணா, இவர் தலையத் தூக்கப்படாது. அவ்வளவுதான் உன் வேலை."

"நான் பாத்துக்கறேன். நீ போ."

அதன் பிறகு என் உலகம் கால்களாகக் குறைந்தது. இடது கண்ணுக்குக் கால்கள் தெரிந்தன. மைத்துனரின் கால்கள் அகலமானவை, தொழிற்சாலை பூட்ஸ் வருடக்கணக்கில் அழுத்தியதில் சுண்டுவிரல் உள்பக்கம் மடங்கியவை. அவை வலதுபக்கம் வந்து நின்றால் சொட்டு மருந்து. இடதுபக்கம் நின்றால் என் கழுத்து எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். டிவி எனக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது.

முதல் கட்டம், படம். அந்த வாரம் எழுதுவதற்காக நான் வைத்திருந்தது புதிதாக வந்த ஒரு துப்பறியும் படம். மைத்துனர் மறுத்தார்.

"அதுல பேச்சே கிடையாதாம் மாப்பிள்ளை. கோர்ட்டு படமா போடறேன். வசனம் இருக்கற படம்தான் உங்களுக்கு லாயக்கு."

கோர்ட்டுப் படம் ஓடியது. வக்கீல்கள் கத்தினார்கள். அடுத்த நாளும் இன்னொரு கோர்ட்டு. மூன்றாவது கோர்ட்டுக்கு முன்னால் நான் உண்ணாவிரதம் இருப்பேன் என்று சொன்ன பிறகுதான் துப்பறியும் படத்தைப் போட்டார். அவர் சொன்னது சரிதான். முதல் கால் மணி நேரம் மழைச் சத்தமும் செருப்புச் சத்தமும்தான்.

"என்ன நடக்கறது?"

"ஒருத்தன் போறான்."

"யாரு?"

"தெரியல. நீலச் சட்டை. போறான்... போறான்... இன்னும் போறான்."

"முகம் தெரியறதா?"

"முகத்தக் காட்டல. ஒரு கேட்டுகிட்ட நிக்கறான்." பிறகு குரல் உயர்ந்தது. "கேட்டப் பாருங்கோ மாப்பிள்ளை! வெல்டிங்கே பண்ணல. அங்கங்க பொட்டு வச்சு விட்டிருக்கான். ஒரு உதை விட்டா கையோட வந்துடும்."

"அவன் என்ன பண்றான்?"

"யாரு?"

"நீலச் சட்டை."

"ஓ. அவன் உள்ள போயிட்டான் போலருக்கு."

கொலை நடந்தது. எனக்குக் கேட்டது ஒரு பாத்திரம் உருளும் சத்தம். மைத்துனரிடமிருந்து தெரிந்துகொண்டது, அந்த வீட்டு மாடிப்படியின் கைப்பிடி தரமற்றது என்பது. கொலையாளி யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. பிறகு நானே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

தொடர் என்ற கட்டத்துக்கு இத்தனை வருடமும் வெளிநாட்டுச் சமாசாரங்களையும் செல்போனில் வரும் புதிய வெப் சீரிஸ்களையும்தான் எழுதி வந்திருக்கிறேன். மாலைத் தொடர்களை ஒருபோதும் தொட்டதில்லை. அந்த வாரம் எனக்கு வேறு வழியில்லை. பள்ளியிலிருந்து மனைவி வந்ததும் அண்ணனும் தங்கையும் காபியுடன் உட்கார்ந்துவிடுவார்கள். நடுவில் நான், ஸ்டூலில் முகம் வைத்து, ஸ்ட்ராவால் காபியை உறிஞ்சிக்கொண்டு.

இரண்டாம் நாளே ஒன்று புரிந்தது. அந்தத் தொடரைத் தொடர அதைப் பார்க்கவே வேண்டியதில்லை. யார் உள்ளே வந்தாலும் இன்னொருவர் அவரை உறவு சொல்லி அழைக்கிறார். நடந்ததை ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்கிறாள். அவள் அதைத் தன் கணவனிடம் சொல்கிறாள். அதிர்ச்சி என்றால் மேளம் அடித்துச் சொல்லிவிடுகிறார்கள். அடுப்படியில் நின்றுகொண்டு, ஹாலில் ஓடுவதைக் காதால் மட்டும் கேட்பவர்களுக்காக எழுதப்பட்டது அது. செய்தி எழுதுவதும் ஏறக்குறைய இப்படித்தான். எந்தப் பத்தியில் நுழைந்தாலும் வாசகர் தொலைந்து போகக் கூடாது. இவ்வளவு ஒழுங்கான வேலையை நான் கண்களோடு இருந்தவரை கவனித்ததில்லை. கதை மட்டமானது. ஒரு மருமகளை மாமியார் அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். அவள் அந்த வாரம் முழுக்கத் திறக்கப்படவே இல்லை.

"இன்னிக்காவது கதவத் திறப்பாளா?" என்று நான் கேட்டேன்.

"உங்களுக்கென்ன அவ்வளவு அவசரம்?" என்றாள் மனைவி.

"அவளாவது வெளிய போகட்டுமே."

புத்தகம் அவள் பொறுப்பு. விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்துவிட்டு, என் வளையத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு நாவலை வாசித்தாள். வகுப்புக் குரல். ஒவ்வொரு பத்திக்குப் பிறகும் புரிந்ததா என்று கேட்பதுபோல ஒரு நிறுத்தம். அவள் பக்கங்களைத் தாண்டுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. ஆற்றங்கரை வர்ணனை வந்தால் தாள் இரண்டு முறை புரளும். நான் சொல்லவில்லை. இலவசமாக வாசிப்பவரிடம் திருத்தம் சொல்லக் கூடாது.

அவள் கால்கள் என் முகத்துக்கு வெகு அருகில் நீண்டிருந்தன. ஏதோ குறைகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு அத்தியாயம் கழித்துத்தான் புலப்பட்டது.

"மெட்டி எங்க?"

வாசிப்பு நின்றது. "விரல் வீங்கிண்டே இருந்தது. கழட்டி வச்சுட்டேன்."

"எப்போ?"

"தீபாவளிக்கு முன்னாடி." புத்தகத்தைப் புரட்டினாள். "எங்க விட்டேன்?"

பங்குனி நடந்துகொண்டிருந்தது. ஊர்வலப் புகைப்படத்தில் மூன்றாவது வரிசை ஆளின் கைக்கடிகாரத்தைச் சரிபார்க்கச் சொல்லி நிருபர்களை விரட்டியவன் நான். அவள் விட்ட வரியை எடுத்துக் கொடுத்தேன்.

விளையாட்டு, தாயம். யோசனை மைத்துனருடையது. வளையத்துக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் பெரிய கட்டங்களாகப் போட்டார். கோடுகள் இடது கண்ணுக்கும் தெரிந்தன. எனக்குப் புளியங்கொட்டை, அவருக்குச் சோழி. பித்தளைத் தாயக்கட்டைகளை அவர்தான் இருவருக்கும் உருட்டினார். முகப்புப் புள்ளிகளை நான் பார்க்க முடியாது, அவர் சொல்வதுதான் கணக்கு.

நான் ஜெயித்தேன். மறுபடியும் ஜெயித்தேன். எனக்கு முதல் உருட்டிலேயே தாயம் விழுந்தது. அவருடைய சோழிகளோ தாயம் விழாமல் கட்டத்துக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தன.

"உங்களுக்கு நிஜமா என்ன விழறது?" என்றேன்.

"ஏன்? நான் ஏமாத்தறேன்னு நினைக்கறேளா?"

"ஆமா. எனக்காக ஏமாத்தறேள்."

"சேச்சே" என்றார். அகலமான கால்கள் பின்னால் நகர்ந்தன. அடுத்த ஆட்டத்தில் என்னை வேகமாகத் தோற்கடித்தார். அதையும் நான் நம்பவில்லை. வளையத்துக்குள் இருப்பவனுக்கு நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் ஒரே ஆதாரம்தான், இன்னொருவரின் குரல்.

கழுத்துக்குப் பின்னால் ஒரு வலி நிலைத்துவிட்டிருந்தது. முகத்தில் வளையத்தின் தடம். தூக்கம் துண்டுதுண்டாக வந்தது. ஆனால் நான் தலையைத் தூக்கவில்லை. அதை நான் அழுத்தமாகவே எழுதலாம். அந்தக் காலை வரை தூக்கவில்லை.

பாட்டுக்கென்று எதையும் இன்னும் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. அன்று மனைவி பள்ளிக்குப் போன பிறகு, தூரத்தில் மேளம் கேட்டது. கூடவே நாதஸ்வரம். மைத்துனரின் கால்கள் பால்கனிக்குப் போய்த் திரும்பின.

"மாப்பிள்ளை, பெருமாள் நம்ம வீதிக்கு எழுந்தருள்றார்."

"போய்ச் சேவிச்சுட்டு வாங்கோ."

"உங்கள விட்டுட்டா? அவ என்னக் கொன்னுடுவா."

"நான் எங்க போகப்போறேன்?"

கால்கள் நகரவில்லை. "அதில்ல. பெருமாள் கீழ எழுந்தருள்றச்சே நாம மாடில இருக்கப்படாது."

எங்கள் வீதியில் அது பழக்கம். மாடியில் குடியிருப்பவர்கள் எல்லாரும் அந்த நேரத்துக்கு இறங்கி வாசலுக்கு வந்துவிடுவார்கள். பால்கனியில் நின்று போன் நீட்டுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று அர்த்தம். நானும் இத்தனை வருடம் இறங்கிக்கொண்டுதான் இருந்தேன். பக்தியால் அல்ல. எல்லாரும் இறங்கும்போது மேலே நிற்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

"நான் நின்னுண்டா இருக்கேன்? நாள் பூரா சாஷ்டாங்கமா விழுந்து கிடக்கேன். இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?"

"கிடந்தாலும் மாடி மாடிதானே. பெருமாள் தோள்ல வர உயரமென்ன, நம்ம தளத்தோட உயரமென்ன?" அவர் மனதில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். "குனிஞ்சுண்டே நடக்கலாம்னுதானே டாக்டர் சொல்லிருக்கார்? மெதுவா இறங்கலாம். நான் பிடிச்சுக்கறேன்."

மறுத்திருக்கலாம். அவர் நல்ல மனிதர், இரண்டாவது முறை மறுத்திருந்தால் விட்டிருப்பார். ஆனால் கீழே போவது என்றால் வெளியே போவது. மொசைக்கைத் தவிர வேறொரு தரையைப் பார்க்கலாம். எழுந்தேன்.

தெருவில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். ஈர மண் வாசனை. என்னைச் சுற்றிலும் கால்கள், வெறுங்கால்கள், ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு. மைத்துனர் என் பிடரியில் கையை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். நீதிமன்ற வாசலில் குற்றவாளியைப் போலீஸ்காரர் அழைத்துப் போகும் படங்களை எத்தனையோ முறை அளவு கொடுத்துச் செய்திப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தப் படத்தில் இப்போது நான் இருந்தேன்.

எதிர்வீட்டு மாமியின் குரல் கேட்டது. "என்னது இது, அவர இப்படி அமுக்கிண்டு? பெருமாள சேவிக்க விடுங்கோளேன்!"

"கண் ஆபரேஷன் மாமி. தலையத் தூக்கப்படாது."

"கண்ண ரிப்பேர் பண்றதே பெருமாள சேவிக்கத்தானே? நன்னாருக்கே!"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். மேளம் நெருங்கியது. கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. திரும்பிப் போக வழியில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்வீட்டு வாசலில் பல்லக்கு நின்றது. தட்டு கொடுத்தார்கள் போலும், கற்பூர வாசனை வந்தது. நாதஸ்வரம் என் காதுக்குப் பக்கத்திலேயே ஒரு நீண்ட பிடியை எடுத்து மேலே போய்க்கொண்டிருந்தது. இன்னும் மேலே.

அப்போது பிடரியிலிருந்து கை போய்விட்டது.

என்ன நடந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தால் மிகவும் சாதாரணம். பெருமாள் எதிரே நிற்கும்போது ஸ்ரீரங்கத்துக்காரர் எவரும் கைகளைக் கீழே வைத்திருக்கமாட்டார். இரண்டு கைகளும் தானாகத் தலைக்கு மேலே போய்விடும். மைத்துனரின் கைகளும் போயின. தங்கை கொடுத்த ஒரே வேலை அந்த நேரத்துக்கு அவர் நினைவில் இல்லை. நாள்கணக்கில் அழுத்தி வைத்திருந்த என் கழுத்து, மேலே இருந்த கனம் நீங்கியதும், தானாக எழும்பியது. நான் பெருமாளைப் பார்ப்பதற்காக நிமிர்ந்தேனா, வானத்தைப் பார்ப்பதற்காகவா, அந்த நாதஸ்வரத்தின் பின்னால் போனேனா என்று கேட்டால் என்னிடம் அச்சிடத் தகுந்த பதில் இல்லை. நிமிர்ந்தேன்.

வலது கண்ணில் பழுப்பு வெளிச்சம் மட்டும் தளும்பியது. இடது கண்ணில் ஒரு வெள்ளைக் குடை, மாலைகளின் சிவப்பு, நடுவில் ஒரு கறுப்பு. அதற்கு மேல் வெகு உயரத்தில் நீலம். கழுத்து வலி முழுவதும் போயிருந்தது. எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

மைத்துனரின் கை திரும்பி வந்தபோது என் பிடரி முன்பிருந்த இடத்தில் இல்லை. "ஐயய்யோ" என்று மெல்லச் சொன்னார். அடுத்த கணம் நான் மறுபடியும் ஈரக் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடிக்கு வந்து வளையத்தில் முகத்தை வைத்தேன்.

"எவ்வளவு நேரம் இருக்கும்?" என்றேன்.

"தெரியல மாப்பிள்ளை. நான் பெருமாளப் பாத்துண்டிருந்தேன்."

பிறகு, "அவகிட்ட சொல்லணுமா?" என்று கேட்டார்.

"சொன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அவளும் பயந்துப்பா."

"அப்போ வேண்டாம்."

அதற்குப் பிறகு இருந்த நாள்கள்தான் உண்மையில் நீளமானவை. ஓட்டை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிய வழியில்லை. கண் முழுக்க வாயு. கையை முன்னால் ஆட்டினால் நிழல் ஆடும், அவ்வளவுதான். சேர்ந்துகொண்டிருந்த விளிம்பு விலகியிருந்தாலும் அதே நிழல். மணிக்கொரு தடவை இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் தரையைப் பார்ப்பேன். ஒன்றும் சொல்லாது.

மைத்துனர் மாறிவிட்டார். கோர்ட்டுப் படம் போடவில்லை. தாயக்கட்டத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். நாற்காலியை ஸ்டூலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, என் பிடரியில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். கை மாற்றும்போது கூட ஒரு கை வந்த பிறகுதான் இன்னொன்று போனது. "பாத்ரூம் போகணும்" என்று நான் சொன்னால் கூடவே வந்து கதவுக்கு வெளியே நின்று, "குனிஞ்சிண்டேதானே இருக்கேள்?" என்று கேட்பார். ஐந்தாவது கட்டத்துக்கு ஏதாவது பாட்டு போடச் சொன்னேன். ஒரு வீணைக் கச்சேரியை மிகக் குறைந்த ஒலியில் வைத்தார். இருவரும் அதைக் கேட்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று மனைவி கேட்டாள்.

"சண்டையா? இல்லையே" என்றோம் இருவரும், ஒரே நேரத்தில்.

டாக்டரிடம் போகும் நாள் வந்தது. ஆட்டோவில் மூன்று பேர். காவிரிப் பாலம் வந்ததைச் சக்கரத்தின் சத்தமும் காற்றும் சொல்லின. ஸ்கேன் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் முதல் முறையாக அதிகாரபூர்வமாகத் தலையை நிமிர்த்தினேன். மைத்துனரின் கை ஒரு கணம் தாமதித்துத்தான் விலகியது.

குமிழ் வழியாக எடுத்த படம் அவ்வளவு தெளிவாக இருக்காது என்றார் டாக்டர். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. "ரெண்டு ஓரமும் கிட்ட வந்திருக்கு. ஆனா இன்னும் ஒட்டலைங்க. நடுவுல மெல்லிசா ஒரு இடைவெளி தெரியுது. இன்னும் ஒரு வாரம் குப்புறவே இருக்கணும்."

பிறகு மைத்துனர் தொண்டையைச் செருமினார். ஒட்டாத ஒட்டுக்குக் கையெழுத்துப் போடாதவர் அவர்.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். நடுவுல ஒரு நாள் இவர் தலைய நிமித்திட்டார். என் தப்புதான். அதனால இப்படி ஆயிருக்குமா?"

என் மனைவி நாற்காலியில் திரும்பினாள். சத்தம் கேட்டது.

"எவ்வளவு நேரம் நிமிர்ந்திருந்தாருங்க?" என்றார் டாக்டர்.

"பெருமாள் எங்க எதிராத்து வாசல்ல நின்ன நேரம்."

டாக்டர் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மேலப்புதூர்க்காரர், கிறிஸ்தவர், மேசைமேல் சிறிய மாதா சிலை வைத்திருப்பார். "அது எவ்வளவு நேரம்ங்க?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

மைத்துனருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உத்தர வீதியிலேயே பிறந்து வளர்ந்த என் மனைவியும் வாயைத் திறக்கவில்லை. சில சமயம் ஒரு கற்பூரம் அணையும் நேரம். சில சமயம் நாதஸ்வரக்காரர் அந்த ராகத்தை முடிக்கும் நேரம்.

"அதனாலதான்னு சொல்ல முடியாது. அதனால இல்லேன்னும் என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "இனிமே நிமிராம பாத்துக்கங்க."

ஆட்டோவில் வீடு திரும்பினோம். மாடி ஏறினோம். நான் வளையத்தில் முகத்தை வைத்தேன். அவள் அதன் விளிம்பைச் சரிசெய்தாள், சற்றுக் கடுமையாக.

"அண்ணா, நாளைலேருந்து நீ வர வேண்டாம். நான் லீவு போட்டுக்கறேன்."

"பரீட்சை நடக்கறதே?"

"அது பாட்டுக்கு நடக்கட்டும். ஒரு வேலைதான் சொன்னேன். ஒரே வேலை."

பதில் இல்லை. அகலமான கால்கள் வாசலை நோக்கிப் போயின. ஒரு செருப்பு மாட்டப்பட்டது. இன்னொன்றுக்குள் விரல்கள் நுழையாமல் தடவின.

அவள் விடுப்பெடுத்தால் பரீட்சை முடிந்ததும் பள்ளியில் என்ன விளக்கம் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். வீங்கிய விரலோடு நாள் முழுக்க என் பக்கத்தில் நிற்பாள். வேலைகளுக்கு நடுவே ஒரு பார்வையை என் கழுத்துமேல் வைப்பாள், பால் பொங்கினால் ஓடுவாள். இந்த ஊரில் இனி எது வந்தாலும் என் பிடரியிலிருந்து கையை எடுக்கமாட்டார் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவருடன் இன்னும் ஒரு வாரம் என்பதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

"வரட்டும்" என்றேன், தரையைப் பார்த்து.

"நீங்க சும்மா இருங்கோ. விளையாட்டா? உங்க கண்ணு."

"என் கண்ணுதான். அதனாலதான் சொல்றேன். அவரே வரட்டும்."

செருப்புச் சத்தம் நின்றது. பிறகு அது கழற்றப்பட்டது. மடங்கிய சுண்டுவிரல்கள் திரும்பி வந்து, என் இடதுபக்கம், கழுத்தைப் பார்க்கும் இடத்தில் நின்றன. கை வந்து படிந்தது.

அந்த வாரமும் கழிந்தது. அடுத்த ஸ்கேன் படத்தில் ஓரங்கள் சேர்ந்திருந்தன. குமிழ் கரைந்து, நீர்மட்டம் போல மெல்ல இறங்கி, ஒரு நாள் இல்லாமல் போயிற்று. இப்போது படிக்க முடிகிறது. வரிகள் நடுவில் மட்டும், துணியில் நூல் இழுபட்டதுபோல, இன்னும் சற்றுச் சுருங்கியே தெரிகின்றன. அது அப்படியேதான் இருக்கும் என்கிறார் டாக்டர். நிமிர்ந்து எதையாவது பார்க்க வேண்டுமென்றால் பிடரியில் கை இருக்கிறதா என்று கழுத்து முதலில் கேட்டுக்கொள்கிறது. பிறகுதான் எழும்புகிறது.